பரோ, நாய், நான்: சூப்பர்ஸ்டிஷன் மலையில ரெண்டு ராத்திரி

புதுக்கள்ளி · 2024 செப்டம்பர் 14

ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லர்ல இருக்கேன். வீட்டுல நாலு வயசு லேப்ரடார் கலப்பு நாய், 25 கிலோ. பி.எல்.எம்.னு அமெரிக்க அரசாங்க நில நிர்வாகத் துறை இருக்கு, அவங்க தத்தெடுப்புல ஒரு பரோ, அதாங்க காட்டுக் கழுதை, எடுத்துட்டு டிசம்பர்ல சூப்பர்ஸ்டிஷன் மலைக்குள்ள ரெண்டு ராத்திரி தங்கிட்டு வரலாம்னு இருக்கேன். சுமையைக் கழுதை தூக்கிக்கும். பாலைவனத்துலயே பொறந்தது, தண்ணி பெருசா கேட்காது. நாய் யாரோட வேணா ஒட்டிக்கும். குளிர்ல பாம்பும் வராது. வேற எதையாவது மறந்துட்டேனா?

ஓடைக்கரை · செப்டம்பர் 14

எந்த வருஷ டிசம்பர்னு எழுத மறந்துட்டீங்க. இந்த வருஷம்னா நடக்காது. அடுத்த வருஷம்னா பேசலாம்.

நீங்க எழுதினதுல நாலு தப்பு: தண்ணி, சுமை, நாய், பாம்பு. நாலுலயும் மோசமானது நாய் விஷயம்.

ஓடைக்கரை · செப்டம்பர் 14, இரவு

முதல்ல நாயை முடிச்சிடுறேன். கழுதை கண்ணுக்கு உங்க லேப்ரடார் ஒரு கொயோட்டி, அதாவது இந்த ஊர்க் குட்டி ஓநாய். ஆட்டு மந்தைக்குக் காவலா கழுதையைக் கட்டுறதே இந்தக் குணத்துக்காகத்தான். குதிரை பயந்தா ஓடும். கழுதை நின்னு யோசிக்கும், பிறகு முடிவு பண்ணும். அந்த முடிவு நாய்க்கு எதிரா இருந்தா தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னால ஒட்டிக்கிட்டு வரும். பிடரியைக் கடிச்சுத் தூக்கும், முன்னங்கால் ரெண்டாலயும் மிதிக்கும். முன்னால போனா கடிக்கும், பின்னால போனா உதைக்கும்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அதுல முன்பாதிதான் நாய்க்கு ஆபத்து.

பழக்க முடியாதுன்னு இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நாய், அந்தப் பக்கம் கழுதைன்னு சில வாரம். நாய் குரைக்காம படுக்கணும், கழுதை அதைக் கண்டுக்காம மேயணும். இந்த ரெண்டும் தினமும் நடக்குற வரைக்கும் வேலிக் கதவைத் திறக்காதீங்க. திறந்த பிறகும் நாய் கயித்துலதான் இருக்கணும், கழுதைக்குப் பின்னால ஒரு நாளும் போகக் கூடாது.

புதுக்கள்ளி · செப்டம்பர் 15

அக்கா, கழுதையை ஒரு கையில, நாயை இடுப்பு பெல்ட் லீஷ்ல மாட்டிக்கிட்டா கை ஃப்ரீயா இருக்கும்ல?

ஓடைக்கரை · செப்டம்பர் 15

இடுப்பு பெல்ட் வசதியானதுதான். மாட்டிக்கலாம்.

ஓடைக்கரை · செப்டம்பர் 15, ரெண்டு மணி நேரம் கழிச்சு

மேல எழுதினதை விட்டுடுங்க, தப்பு. நாய் மட்டும் கூட வந்தா பெல்ட் சரி. கழுதைக் கயிறு கையில இருக்கும்போது நாய் ஒரு ஹாவலீனாவை, அதான் காட்டுப்பன்றி மாதிரி இருக்குமே, அதைப் பார்த்துப் பாய்ஞ்சா, இழுபடுறது உங்க இடுப்பு. விழுற இடம் கழுதையோட காலடி. நாய்க்கு 6 அடி லீஷ், அதுவும் கையில, விட்டா விடுபடுற மாதிரி. கழுதைக் கயித்தைக் கையில ஒரு சுத்துகூடச் சுத்தாதீங்க, மடிச்சு மடிச்சுப் பிடிங்க. சுத்தின கயிறு இறுகினா விரல் போயிடும்.

ஒரே ஆள் ரெண்டையும் கூட்டிட்டுப் போறதே வேண்டாம். கூட ஒருத்தர் வரட்டும். நாய் முன்னால இருக்குறவரோட, கழுதை பின்னால உங்களோட.

ஓடைக்கரை · செப்டம்பர் 18

சுமைக் கணக்கு. பேப்பர் பேனா எடுங்க.

பரோ 200 கிலோன்னு வையுங்க. தூக்க விடலாம்னு சொல்றது உடல் எடையில அஞ்சுல ஒண்ணு, 40 கிலோ. அதுலயே சேணம், அடிமெத்தை, ரெண்டு பக்கப் பெட்டி, கயிறு எல்லாம் சேர்ந்து 9 கிலோ போயிடும். மிச்சம் 31.

குளிர்காலத்துல வேலை செய்ற பரோ ஒரு நாளைக்கு 15 லிட்டர் குடிக்கும்னு வைப்போம். மூணு நாளைக்கு 45 லிட்டர், 45 கிலோ. தன் தண்ணியையே அது தூக்க முடியாது! அதனால கழுதையோட போற பயணத்துல பாதையை வரைபடம் முடிவு பண்றதில்லை, ஊற்றுதான் முடிவு பண்ணுது. சூப்பர்ஸ்டிஷன்ல நம்பகமான ஊற்றுன்னு பேர் வாங்கினது சார்லெபாய்ஸ், லாபார்ஜ். மத்ததெல்லாம் மழை பெய்ஞ்ச வருஷத்துக்குத்தான். கிளம்புற வாரம் வனத்துறை அலுவலகத்துல கேட்காம போகாதீங்க.

தீவனம்: ஒரு நாளைக்கு 3 கிலோ, மூணு நாளைக்கு 9. மிச்சம் 22 கிலோவுலதான் உங்க கூடாரம், சாப்பாடு, நாயோட சாப்பாடு எல்லாம். தீவனம் களை விதை இல்லாததுன்னு சான்று போட்டதா வாங்குங்க. அமுக்கின புல் கட்டி கொண்டு போனா ஊற வைச்சுக் கொடுங்க. காய்ஞ்சதை அவசரமா முழுங்கினா தொண்டையில அடைக்கும்.

புதுக்கள்ளி · செப்டம்பர் 18

பாலைவன மிருகம் தண்ணி இல்லாம தாங்கும்னு படிச்சேனே?

ஓடைக்கரை · செப்டம்பர் 19

தாங்கும். உடல் எடையில 30 சதவீதம் வரைக்கும் தண்ணி இழந்தாலும் சமாளிச்சு, கிடைச்சதும் சில நிமிஷத்துல குடிச்சு ஈடுகட்டிடும். அது உயிர் பிழைக்குற கணக்கு. சேணம் போட்டு மலை ஏத்துற கணக்கு வேற.

இன்னொரு சிக்கல்: கழுதை தெரியாத தண்ணியைக் குடிக்காது. ருசி மாறினா மோந்து பார்த்துட்டுத் திரும்பிடும், நாள் பூராவும் சும்மா நிக்கும். வீட்டுல எந்த வாளியில குடிக்குதோ அதையே கொண்டு போங்க. கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னால இருந்தே வேற வேற இடத்துத் தண்ணியை அந்த வாளியில வைச்சுப் பழக்குங்க.

ஓடையைத் தாண்டுறதுலயும் இதே பிடிவாதம்தான். முழங்கால் ஆழம் கூட இருக்காது, ஆனா ஆழம் தெரியாம கால் வைக்காது. வீட்டு முற்றத்துல தார்ப்பாய் விரிச்சு, அதுல தண்ணி தேக்கி நடக்க விட்டா பாதிப் பிரச்சினை தீரும். மலையில போய் முதல் பாடம் எடுத்தா அன்னிக்கு அங்கேயே கூடாரம்.

வண்டிக்காரன் · செப்டம்பர் 22

ஓடைக்கரை அக்கா தத்தெடுப்பு விதியைச் சொல்லவே இல்லை, நான் சொல்லிடுறேன். பழக்காத விலங்குக்குக் குறைஞ்சபட்சக் கட்டணம் 125 டாலர். ஒரு விலங்குக்கு 400 சதுர அடி அடைப்பு, 20க்கு 20. வேலி உயரம் வளர்ந்த குதிரைக்கு 6 அடி, பரோவுக்கு நாலரை அடி போதும். முள்கம்பி கூடாது. கூரை போட்ட நிழல் வேணும். கூட்டிட்டு வர ட்ரெய்லர் படியேறுற மாதிரி இருக்கணும், சாய்வுப் பலகை இறக்குறதைப் பொதுவா ஒத்துக்க மாட்டாங்க. முதல் ஒரு வருஷம் அது அரசாங்கச் சொத்து. சரியா பார்த்துக்கிட்டீங்கன்னு சான்று கொடுத்த பிறகுதான் உங்க பேருக்கு வரும். கழுத்து இடப்பக்கம் உறைமுத்திரை இருக்கும், அதாவது உறைய வைச்ச இரும்பால போட்ட அடையாளம், வெள்ளை முடியில கோடு கோடா. அழுக்குன்னு தேய்க்காதீங்க.

சாண்ட்லர்னு சொன்னீங்க. உங்க மனையில கழுதை கட்ட நகராட்சி விடுமா, குடியிருப்புச் சங்கம் விடுமான்னு இதுக்கெல்லாம் முன்னால கேளுங்க. விடலேன்னா ஊருக்கு வெளியே மாத வாடகைக்கு அடைப்பு எடுக்கணும்.

ஓடைக்கரை · செப்டம்பர் 22

தம்பி சொன்னது அத்தனையும் சரி. கூட ஒண்ணு: புதுசா வந்த பரோ மேல கை வைக்கவே வாரக்கணக்கு ஆகும். தலைக்கயிறு, கால் தூக்குறது, குளம்பு வெட்டுறது, வெறும் சேணம், காலிப் பெட்டி, பிறகு பத்து கிலோ, இருபது கிலோ. குளம்பு 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை வெட்டணும். காலைத் தூக்க விடாத கழுதைக்குக் குளம்பு வெட்டுற ஆளே வர மாட்டார். அதான் இந்த டிசம்பர் வேண்டாம்னேன். ஏற்கெனவே தலைக்கயிறு பழக்கின பரோவும் தத்தெடுப்புக்கு வரும், சிறைக்கைதிகளை வைச்சுப் பழக்கிக் கொடுத்திருக்காங்க. முதல் கழுதைக்கு அதுதான் என் சிபாரிசு.

அல்ஃபால்ஃபா, அதான் குதிரை மசால், அதை மட்டும் போடாதீங்க. அது பாலைவன வயிறு. காய்ஞ்ச புல்லும் புதரும் தின்னு வாழ்ந்த உடம்புல சத்து ஏறினா பிடரியில கொழுப்பு கட்டி ஒரு பக்கமா சாயும், குளம்புக்குள்ள அழற்சி வரும். பிடரி சாய்ஞ்சது பிறகு நிமிராது.

புதுக்கள்ளி · அக்டோபர் 3

இவ்வளவு கஷ்டம்னா அரசாங்கம் ஏன் தத்து கொடுக்குது? கொஞ்சம் திசை மாறிக் கேட்கிறேன்.

ஓடைக்கரை · அக்டோபர் 4

நல்ல திசைதான். சுரங்கம் தோண்டினவங்க கொண்டு வந்தாங்க, சுரங்கம் படுத்ததும் அவிழ்த்து விட்டுட்டுப் போயிட்டாங்க. பழைய 66ஆம் நெடுஞ்சாலையில ஓட்மன்னு ஒரு ஊர், அங்க அதுகளோட வாரிசு இன்னிக்கும் நடுத்தெருவுல நின்னு காரை மறிக்கும். போனா குட்டிக்கு எதையும் ஊட்டாதீங்க, மூச்சு அடைச்சுச் செத்துப் போகும்.

1950ல நெவாடாவுல வெல்மா ஜான்ஸ்டன்னு ஒரு பெண், அலுவலகத்துல வேலை பார்த்தவங்க, முன்னால போன லாரியில இருந்து ரத்தம் ஒழுகுறதைப் பார்த்துப் பின்னாலயே போனாங்க. உள்ளே வேட்டையாடிப் பிடிச்ச காட்டுக் குதிரைங்க. அவங்க கிளப்பின போராட்டத்துல 1959ல மோட்டார் வண்டியில துரத்திப் பிடிக்கத் தடை வந்துச்சு, 1971ல காட்டுக் குதிரை, பரோ ரெண்டுக்கும் முழுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. பாதுகாத்தா பெருகும், பெருகினா மேய்ச்சல் பத்தாது. அதான் தத்து.

கிராண்ட் கேன்யன்ல பரோக்களைச் சுட்டுக் குறைக்கத் திட்டம் போட்டப்போ, விலங்கு நல அமைப்பு ஒண்ணு 1979ல தொடங்கி 577 பரோவை உயிரோட வெளியே கொண்டு வந்துச்சு. கழுதை ஹெலிகாப்டர்ல தொங்கிக்கிட்டு வந்த கதை நம்ம ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க.

வந்தேறி விலங்கு, கெடுதல் மட்டும்தான்னு ஒரேயடியா சொல்றதும் இப்ப செல்லாது. வறண்ட ஓடை மணல்ல ரெண்டு மீட்டர் ஆழம் வரைக்கும் இதுங்க குளம்பால கிணறு தோண்டுறதை 2021ல ‘சயின்ஸ்’ இதழ்ல எழுதினாங்க. அந்தக் கிணத்துக்கு 50க்கு மேல வகை விலங்கும் பறவையும் தண்ணி குடிக்க வந்ததைக் கேமரா வைச்சுப் பார்த்தாங்க. கற்பூர வாசனை தெரியாட்டி என்ன, தண்ணி வாசனை தெரியுது.

ஓடைக்கரை · நவம்பர் 2

மழை முடிஞ்சு தூசி பறக்குற நேரம். உங்க நாய் குழி தோண்டுமா? தோண்டும்னா பள்ளத்தாக்குக் காய்ச்சலைத் தெரிஞ்சுக்குங்க. மண்ணுல இருக்குற பூஞ்சை, மூச்சு வழியா நுரையீரலுக்குப் போகும். ஒண்ணுல இருந்து மூணு வாரத்துல வறட்டு இருமல், காய்ச்சல், சாப்பிட மாட்டேங்கிறது. சில நாய்க்கு இருமலே வராது, நேரா எலும்புக்குப் போய் நொண்டும். சுளுக்குன்னு நினைச்சு ஒரு மாசம் வலி மருந்து கொடுத்துட்டுத்தான் பல பேர் ரத்தப் பரிசோதனைக்கே போறாங்க. அரிசோனாவுல நாய் காரணம் இல்லாம நொண்டினா அன்னிக்கே கேளுங்க. மருந்து பெரும்பாலும் ஃப்ளூகோனசோல், ஆறு மாசம், ஒரு வருஷம்னு போகும். நாய்கிட்ட இருந்து உங்களுக்குத் தொத்தாது. ஆனா அதே மண்ணை நீங்களும் மூச்சுல இழுத்திருப்பீங்க, அதை மறக்காதீங்க.

புதுக்கள்ளி · நவம்பர் 17

நாயோட மட்டும் சின்னதா நடக்க ஆரம்பிக்கிறோம். பந்து பந்தா முள்ளு இருக்கே, தானா பாயுமாமே?

ஓடைக்கரை · நவம்பர் 17

அது ஒரு வகைக் கள்ளி. எழுதுறது சோல்லா, சொல்றது சோயா. பீன்ஸ் இல்லை. பாயாது. கணு அவ்வளவு லேசா ஒட்டியிருக்கு, முடி உரசினாலே கழண்டு வந்துடும். முள் நுனியில பின்பக்கம் வளைஞ்ச செதில் இருக்கு, உள்ளே போகும்போது வழுக்கும், வரும்போது பிடிக்கும்.

கையில எடுக்காதீங்க. எடுத்த கையில ஒட்டும், அதை எடுக்க மத்த கை, பிறகு ரெண்டு கையும் போச்சு. அகலமான பல் வைச்ச சீப்பு ஒண்ணு, இரும்பா இருந்தா நல்லது, பையோட வெளி ஜேப்புல. பந்துக்கும் தோலுக்கும் நடுவுல சீப்பை நுழைச்சு, ஆள் இல்லாத பக்கமா ஒரே சுண்டு. மெதுவா இழுத்தா தோலும் கூடாரம் மாதிரி எழும்பும், நாய் கடிக்கும். மிச்சம் தனித்தனி முள்ளை மூக்குக் குறடால, வேர்ல பிடிச்சு, நேரா.

எல்லாத்துக்கும் முன்னால நாயோட தலையைப் பிடிங்க. பாதத்துல ஒட்டினதும் அது முதல்ல செய்றது வாயால பிடுங்குறது. பாதத்துல இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. நாக்குலயும் அண்ணத்துலயும் ஏறினா மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்கணும். ஒரு முழம் துணிப் பட்டை வைச்சிருந்தா வாயைச் சுத்திக் கட்டலாம். மூச்சு இரைக்குற நாய்க்கு ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டாதீங்க.

கழுதை? அது சோயாவைச் சுத்திக்கிட்டுப் போகும். நம்ம மூணு பேர்ல விவரமான ஆள் அதுதான்.

வண்டிக்காரன் · நவம்பர் 18

நாய்க்குக் காலுறை போட்டா முள்ளு ஏறாதே?

ஓடைக்கரை · நவம்பர் 18

சோயா ஏறாது. மெஸ்கீட் முள்ளு ஏறும். மெஸ்கீட்னா நம்ம ஊர்ச் சீமைக்கருவேலத்தோட பங்காளி, முள்ளைப் பார்த்தாலே தெரியும். செருப்பு கட்டி நடந்த காலுக்கு மேல சொல்ல வேண்டாம். காலுறையை மணிக்கு ஒரு தடவை கழட்டி மணலைக் கொட்டுங்க. உள்ளே போன மணல் உரசி, முள்ளு பண்ணாத புண்ணைப் பண்ணும். பரோ அந்த மரத்துக் காயை விரும்பித் தின்னும், ஆனா அந்த மரத்துல நேராக் கட்டாதீங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல, தலைக்கு மேல உயரத்துல குறுக்குக் கயிறு, மரத்துல அகலப் பட்டை. தலைக்கயிறு மூக்கு தரையைத் தொடுற அளவுக்கு மட்டும் நீளம். கூடினா காலைச் சுத்திக்கும்.

ஊற்றுல இருந்து கால் மைல் தள்ளித்தான் தங்கணும், 400 மீட்டர். இது மரியாதை இல்லை, அரிசோனாச் சட்டம். நீங்க பக்கத்துல இருந்தா மான் ராத்திரி பூரா தண்ணிக்கு வராது.

புதுக்கள்ளி · 2025 ஜனவரி 11

பரோ வர்றதுக்கு முன்னால காரை எடுத்துக்கிட்டு நாயோட சுத்தலாம்னு இருக்கேன். சவாரோ தேசியப் பூங்கா, கிராண்ட் கேன்யன், வொயிட் சாண்ட்ஸ். நாயை விடுவாங்களா?

ஓடைக்கரை · ஜனவரி 12

சவாரோவுல கார்ச் சாலை, சாப்பாட்டு இடம், தார் போட்ட ரெண்டு குட்டிப் பாதை, அவ்வளவுதான் நாய்க்கு. வேடிக்கை என்னன்னா அங்க பல பாதையில கழுதைக்கு அனுமதி உண்டு. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புல மேல இருக்குற பாதையில 6 அடி லீஷ்ல கூட்டிட்டுப் போகலாம், விளிம்புக்குக் கீழே ஒரு அடி கூடாது. கீழே இறங்கணும்னா அங்கேயே நாய் விடுதி இருக்கு, தடுப்பூசிச் சீட்டு கேட்பாங்க. டூசான்ல சபீனோ கேன்யனும், காட்டுச் செம்மறிக்காக ஒதுக்கின புஷ் ரிட்ஜ் பகுதியும் நாய்க்குக் கிடையாது.

நாயோட நல்லா நடக்கணும்னா பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட், அடுத்து வொயிட் சாண்ட்ஸ். அது ஜிப்சம் மணல், சாதா மணல் மாதிரி கொதிக்காது, பாதத்துக்குச் சுகம். நிழல் மட்டும் ஒரு துளி இல்லை, வெள்ளையில கண்ணு கூசும். பக்கத்துல ஏவுகணை சோதனை நடந்தா சாலையை மூடிடுவாங்க, முந்தின நாளே பார்த்துக்குங்க.

வழியில நவஹோ பழங்குடி நிலம் வந்தா கடிகாரம் மாறும். கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளுற வழக்கம் அரிசோனாவுல கிடையாது, நவஹோ தள்ளும், அதுக்கு நடுவுல இருக்குற ஹோப்பி பழங்குடி நிலத்துல தள்ள மாட்டாங்க. மார்ச்சுக்குப் பிறகு போனா வழிகாட்டியோட முன்பதிவுல எந்த நேரம்னு கேட்டுக்குங்க. ஒரு மணி நேரம் லேட்டா போய் நிக்குற கூட்டம் தினமும் உண்டு.

ஓடைக்கரை · மார்ச் 8

பாம்பு. குளிர்ல வராதுன்னு எழுதியிருந்தீங்க, அப்பவே பதில் சொல்லியிருக்கணும். ஜனவரியிலயும் வெயில் நல்லா அடிச்சா பொந்து வாசல்ல வந்து காயும். மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் முழுசா நடமாட்டம், கோடையில ராத்திரியில. அரிசோனாவுல கிலுகிலுப்பைப் பாம்பு மட்டும் 13 வகை. கடிக்கும் முன்னால கிலுக்கும்னு நம்பாதீங்க, பல நேரம் கிலுக்காது.

நாயைக் கடிச்சா: கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, ஐஸ் வைக்காதீங்க, மனுஷ வலி மாத்திரை கொடுக்காதீங்க. கழுத்துப் பட்டையை உடனே கழட்டுங்க, முகம் வீங்கும்போது அதுவே சுருக்குக் கயிறாயிடும். நடக்க விடாம தூக்குங்க. 25 கிலோ நாயைத் தூக்க ஒரு துணித் தொட்டில் இருக்கு, மடிச்சா கையளவு. போகும்போதே போன் பண்ணி விஷமுறிவு மருந்து இருக்கான்னு கேளுங்க, எல்லா மருத்துவமனையிலயும் இருக்காது. நாய்க்குப் பாம்புக்கடித் தடுப்பூசி போட்டிருந்தாலும், அதை நம்பி முறிவு மருந்தைத் தள்ளிப் போடாதீங்க.

பரோவைக் கடிச்சா பெரும்பாலும் மூக்குல. மோந்து பார்க்கப் போய் வாங்கும். அதுக்கு வாயால மூச்சு விடத் தெரியாது, மூக்கு வீங்கினா மூச்சு நின்னுடும். பெரிய ஊசிக் குழாய் ரெண்டை நுனி வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சு, பக்கப் பெட்டியில போட்டு வையுங்க. வீக்கம் முத்துறதுக்கு முன்னால மூக்குத் துளைக்கு ஒண்ணா செருகி ஒட்டணும். முத்தின பிறகு நுழையாது.

வண்டிக்காரன் · ஏப்ரல் 20

ட்ரெய்லர் பத்தி மறந்துட்டேன். டயர் கட்டை நல்லாத்தான் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். வெயில்ல நின்ன டயருக்கு வயசு பாருங்க: பக்கவாட்டுல நாலு இலக்கம், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டினா மாத்துங்க. அலுமினியத் தரைன்னா மேல ரப்பர் விரிப்பு கட்டாயம், கீழே தார்ச்சாலைச் சூடு அப்படியே ஏறும். மேய்ச்சல் நிலத்து வாசல்ல மாடு தாண்டாம இருக்கத் தரையில இடைவெளி விட்டுக் கம்பி பதிச்சிருப்பாங்க, அதைக் கழுதையால தாண்ட முடியாது, கால் மாட்டிக்கும். பக்கத்துல சின்னக் கதவு இருக்கும், திறந்து போயிட்டு இருந்த மாதிரியே விட்டுட்டுப் போங்க.

ஓடைக்கரை · மே 25

வெயில் வந்தாச்சு. ஃபீனிக்ஸ்ல 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டா நகராட்சியோட மலை நடைப்பாதையில நாய் கூடாதுன்னே விதி இருக்கு. அந்த எண்ணுக்காகக் காத்திருக்காதீங்க. புறங்கையைத் தார்ல வையுங்க, ஏழு விநாடி தாங்கலேன்னா நாயும் தாங்காது. 25 கிலோ நாய் வீட்டுல சும்மா இருந்தாலே ஒண்ணரை லிட்டர் குடிக்கும். நடந்தா அதைப்போல ரெண்டு மடங்குக்குக் குறையாம எடுங்க.

நாக்கு அகலமா தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, கால் தள்ளாடினா அன்னிக்கு நடை முடிஞ்சுது. தண்ணி ஊத்துங்க, ஐஸ் தண்ணி வேண்டாம்.

ஓடைக்கரை · மே 27

ஐஸ் தண்ணி வேண்டாம்னு எழுதினது பழைய பாடம், திருத்திக்கிறேன். இப்பச் சொல்றது: முதல்ல குளிர வை, பிறகு வண்டியில ஏத்து. கையில என்ன தண்ணி இருக்கோ அதை ஊத்துங்க, குளிர்ச்சியா இருந்தா இன்னும் நல்லது. ஊத்திட்டு விசிறுங்க. ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீங்க, அது சூட்டை உள்ளேயே அடைக்கும். உடம்புச் சூடு 39.5 செல்சியஸுக்கு வந்ததும் நிறுத்துங்க. அப்புறம் தெம்பா எழுந்து வாலாட்டினாலும் டாக்டர்கிட்ட போயே ஆகணும், சிறுநீரகம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் கணக்குக் கேட்கும்.

ஜூன்ல நடக்கணும்னா மேல ஏறுங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரி குறையும். ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர்ல இருக்கு.

புதுக்கள்ளி · ஜூலை 6

அக்கா, பரோ வந்தாச்சு, தலைக்கயிறு பழகினது! நாயை வேலிக்கு இந்தப் பக்கம் விட்டிருக்கேன். மழைக்காலத்துக்கு வேற என்ன பார்க்கணும்?

ஓடைக்கரை · ஜூலை 7

ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் மழைக்காலக் கணக்கு. ஓடை மணல் மெத்தை மாதிரி இருக்கும், அதுல படுக்காதீங்க. மேல மழை பெய்ஞ்சா இங்க வானம் நீலமா இருக்கும்போதே தண்ணி வரும். 1997 ஆகஸ்ட் 12ல ஆன்டிலோப் கேன்யன்ல 11 பேர் அப்படித்தான் போனாங்க. தடுப்பைச் சுத்திக் காரை வெள்ளத்துல விட்டா மீட்புச் செலவை உங்ககிட்டயே வாங்கச் சட்டம் இருக்கு, ஊர்ல அதுக்கு ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’னு பேரு.

புழுதிச் சுவர் வந்தா, டூசான் போற ஐ-10 நெடுஞ்சாலையில பிக்காச்சோ பக்கம் அடிக்கடி வரும், சாலையை விட்டு முழுசா இறங்குங்க. எல்லா விளக்கையும் அணைங்க, கை பிரேக் போட்டுக் கால் பிரேக்ல இருந்து காலை எடுங்க. பின் விளக்கு எரிஞ்சா பின்னால வர்றவன் அதைச் சாலைன்னு நினைச்சுத் தொடர்ந்து வந்து இடிப்பான்.

தேனீ கூட்டம் பார்த்தா கட்டியிருக்குற கழுதையை அவிழ்த்து விட்டுட்டு ஓடுங்க. இங்க காட்டுல இருக்குறது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கலப்பு, கட்டிப் போட்ட விலங்கால தப்பிக்க முடியாது.

ஓடைக்கரை · ஜூலை 7, இரவு

முக்கியமானதை விட்டுட்டேன். தேரை. முதல் மழைக்கு மண்ணுக்குள்ள இருந்து வரும், உள்ளங்கையை விடப் பெருசு, ஆலிவ் பச்சை, வாயோரம் வெள்ளை மரு. சோனோரன் பாலைவனத் தேரை. நாய் வாயில கவ்வினா கண்ணுக்குப் பின்னால இருக்குற சுரப்பியில இருந்து பால் மாதிரி விஷம் வரும். நுரை தள்ளும், ஈறு சிவக்கும், தள்ளாடும், வலிப்பு வரும்.

தோட்டக் குழாயை வாயோரமா, கடைவாய்ப் பல்லுல இருந்து முன்பக்கமா விடுங்க, மூக்கு தரையைப் பார்க்கட்டும். நேரா தொண்டைக்கு விட்டா விஷமும் தண்ணியும் சேர்ந்து உள்ளே போகும். பத்து நிமிஷம் விடாம, நடுநடுவுல ஈரத்துணியால ஈறைத் துடைச்சுக்கிட்டே. தள்ளாட்டம் இருந்தா காரை எடுத்துக்கிட்டே கழுவுங்க, ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் துடைக்க.

வண்டிக்காரன் · ஜூலை 8

தேரையே இல்லாத வீட்டுலயும் நாய்க்கு நுரை தள்ளுச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

ஓடைக்கரை · ஜூலை 8

தண்ணிக் கிண்ணம், தம்பி. ராத்திரி பூரா தேரை அதுல உட்கார்ந்து ஊறிட்டு விடியறதுக்குள்ள போயிடும், நாய் காலையில அதையே குடிக்கும். புதுக்கள்ளி, இருட்டினதும் கிண்ணத்தை உள்ளே எடுத்து வைங்க. பரோவோட தொட்டி தரையோட தரையா இருந்தா ஒரு அடி உயரத்துல ஏத்துங்க, காலையில ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு நாயை வெளியே விடுங்க.